ஏழு குழித் தட்டு

அன்று மதியம் ஷெட்டில் இருந்தவர்கள்: மெக்கானிக் லூர்து, அவனோடு இருபது வருஷமாகக் கூட்டு வேலை பார்க்கும் சம்சுதீன், திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்ட மகள் வளர்மதி, ஷெட்டுக்குள் கால் வைக்காமல் நிலைக்கு வெளியிலேயே முறத்தை வைத்துக்கொண்டு துவரை புடைத்துக்கொண்டிருந்த மனைவி கமலவேணி. நான்கு பேர். தெய்வசிகாமணி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். நான்குதான். எதுவோ குறைகிறதே என்று மனம் நின்று நின்று தேடியது. பிறகுதான் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தன்னையும் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது. ஐந்து. தன்னை விட்டுவிட்டு எண்ணுவது ஒரு நோயில்லை, ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். இருந்தாலும் இப்படி ஒவ்வொரு சின்னப் பிசகையும் எடுத்து, கள்ள நோட்டா என்று பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் எட்டு மாதமாகத்தான் வந்திருக்கிறது. நடுவே, நான்கு முட்டுகளின் மேல், இருக்கைகள் கழற்றப்பட்டு வயிறு திறந்து நின்றது வண்டி. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, அறுபத்து நான்காம் வருஷத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாசிப்பயறு நிறம். அதை ஆறாவதாகச் சேர்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சேர்க்கவில்லை.

மடியிலிருந்தது பழைய இட்லித் தட்டு. நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு. காலையில் பழைய கியர்பாக்ஸை இறக்கும்போது லூர்து கழற்றிக் கொடுத்த போல்ட்டுகளைக் குழிக்கு நான்காகப் போட்டு வைத்திருந்தார். ஏழு நாலு இருபத்தெட்டு, எல்லாம் ஒரே அளவு. லூர்துவின் கடையில் கழற்றியதையெல்லாம் ஒரே டப்பாவில் போடுவார்கள், வேலை முடிந்து டப்பாவில் என்ன மிஞ்சுகிறதோ அதை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்வார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான். இங்கே அது நடக்காது. புதிய கியர்பாக்ஸ் இருபத்து நான்கு போல்ட்டு கேட்கும். பின்பக்கத் தாங்கியின் நான்குக்கு இனி வேலையில்லை, அவை நடுக்குழியில் கிடக்கும். வேலை முடிந்ததும் தட்டில் நான்கு இருந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து இருந்தால் வண்டியில் எங்கோ ஒரு ஓட்டை காலி. மூன்று இருந்தால், அதை அவர் அப்போது நினைக்கவில்லை. தட்டைக் கேட்டு வாங்கியபோது கமலவேணி, சின்ன வீட்டுக்கு இட்லி சுடறதுக்கா என்று கேட்டிருந்தாள். வண்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அது சின்ன வீடுதான். இன்றைக்குச் சின்ன வீட்டுக்கு ஆபரேஷன், பெரிய வீடு ரத்தம் கொடுக்க வேண்டுமா என்று லூர்துவிடம் விசாரித்திருக்கிறாள். லூர்து ஒரு லிட்டர் எண்ணெய் போதும் என்று சொல்லியிருக்கிறான்.

பழைய பெட்டி சாக்கின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. அதிலிருந்து வந்த எண்ணெய் வாசனை அவருக்குத் தெரிந்த வாசனை, கருகிய எள்ளும் நனைந்த இரும்பும் கலந்தது. வால்பாறை எஸ்டேட்டில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டியை லாரியில் ஏற்றி வந்த அன்று மூக்கில் ஏறியது, அதற்கப்புறம் எத்தனை சோப்புப் போட்டும் விரலிடுக்கை விட்டுப் போகவில்லை. நாலு கியர் பெட்டி. அதில் முதல் கியர் முரட்டுக் கியர். வண்டி முழுதாக நின்றால்தான் விழும். அவசரப்பட்டுத் தள்ளினால் பல்லோடு பல் இடித்துத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். கத்தாமல் போட ஒரு வழி உண்டு. தண்டின் குமிழை இடது உள்ளங்கையால் லேசாக ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே பற்கள் சுற்றிச் சுற்றி வேகம் தணிகிறது கைக்குத் தெரியும். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு அதிர்வு, அது அடங்குகிற ஒரு நொடி, அந்த நொடியில் தள்ளினால் குழந்தை மடியில் விழுகிற மாதிரி விழும். அந்த நொடியை வாயால் சொல்ல முடியாது. வளர்மதிக்குப் பத்தொன்பது வயதில் சொல்லிப் பார்த்தார். மில் மைதானத்தில் மூன்று தடவை கத்தவிட்டாள். நாலாவது தடவை அவர் சொன்னது என்னவென்றால், உன் கையில உணர்ச்சியே இல்ல, கை செத்தவங்க கியரைத் தொடக்கூடாது. அவள் சாவியை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அந்த வண்டியின் ஓட்டுகிற பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. இத்தனைக்கும் திருப்பூரில் தினம் கார் ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். இன்று காலை கூடப் பழைய பெட்டியைக் காலால் லேசாகத் தட்டி, போயிட்டு வா தாயி என்று சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். புதிய பெட்டிக்கு ஏற்பாடு செய்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனவள், ஆறு மாதம் கழித்துத் தானாக வந்து, அந்த முரட்டுப் பெட்டியை மாத்தீருங்க, சாவியத் தர்றேன் என்றாள். லூர்து உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு ஜப்பான் வண்டியின் ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான். எண்ணெய்ச் சட்டியில கரண்டி போற மாதிரி போகுமுங்ணா, ஒரு விரல் போதும் என்றான். ஒரு விரல் போதும். அந்த வார்த்தையைத்தான் அவர் இரண்டு மாதமாக வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

ஏனென்றால் இடது கை பிடிக்கும். பிடிப்பில் ஒரு குறையும் இல்லை, டாக்டரம்மாவே பார்த்துச் சொன்னார். ஆனால் பிடித்ததை அவரிடம் சொல்லாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது, யார் போட்டது என்று திரும்பிப் பார்த்தார், தரையில் கிடந்தது தன்னுடைய டம்ளர். பக்கவாதம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் டாக்டரம்மா, சின்ன வயசுப் பெண், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. போதும் ஐயா என்றார் டாக்டரம்மா. அவருக்குப் பாதியில் விட முடியவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு, முப்பத்தேழு, முப்பது, இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது, இரண்டு. மீதி இரண்டு என்று சொல்லி நிறுத்தினார். கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் டாக்டரம்மா சிரித்து, இதுவரைக்கும் ஒருத்தரும் கடைசி வரைக்கும் போனதில்லை என்றார், வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியவர். சுற்று ஒன்று கூடினாலும் மோட்டார் சூடாகும், ஒன்று குறைந்தாலும் சூடாகும். எண்ணுகிறபோது கமலவேணி சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டாள். கம்பியின் தடிமனை அளவுகோல் இல்லாமல் இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொல்லிவிடும். அடுத்தது கண்ணை மூடச் சொன்னார் டாக்டரம்மா. இடது கையில் ஏதோ வைத்தார், வைத்தாரா என்றுகூடத் தெரியவில்லை, என்ன என்று சொல்லுங்கள் என்றார். அதற்கு ஒரு நொடி முன்னால் அவருடைய கோட்டுப் பையிலிருந்து கொத்து எடுக்கிற சத்தம் கேட்டிருந்தது. சாவி என்றார் தெய்வசிகாமணி. ரொம்ப நல்லது என்றார் டாக்டரம்மா. பொய் சொன்னதாகுமா அது. கேட்டதற்குச் சரியான பதில்தானே சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கை தானாகச் சுருண்டு மூடிக்கொள்கிறது, அதை எப்போதும் தோள் துண்டால் போர்த்தி மடியில் வைத்துக்கொள்கிறார். குளிருதா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவது.

சம்சுதீன் வண்டிக்கு அடியில் ஜாக்கியோடு படுத்திருந்தான், லூர்து மேலே, இருக்கை இருந்த இடத்தில் மண்டிபோட்டுக் குனிந்திருந்தான். இருவருக்கும் நடுவில் புதிய பெட்டி தொங்கியது. அதன் மூக்குத் தண்டு, க்ளட்ச்சை மூடிய மணி போன்ற கூட்டுக்குள் நுழைந்து, தட்டின் பற்களைத் தாண்டி, எஞ்சினின் முனையில் இருக்கும் சின்னப் பித்தளைக் குழலில் போய் உட்கார வேண்டும். எதையும் கண்ணால் பார்க்க முடியாது. லூர்து கண்ணை மூடிக்கொண்டான். பெட்டியை மெல்ல ஆட்டினான், வாலைத் திருகினான், மூச்சைப் பிடித்தான், திரும்பத் திருகினான். கைக்குத் தெரியுமுங்ணா என்று யாரும் கேட்காமலே சொன்னான். தெய்வசிகாமணி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலிலும் கரி, நகத்துக்கடியில் கரி, ஆனால் பத்தும் உயிரோடு இருந்தன, ஒவ்வொன்றும் உள்ளே நடப்பதை அவனிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது. போல்ட்டு குடுங்ணா, சீக்கிரம் என்றான். அவர் எழுந்து வண்டியின் ஓரத்துக்குப் போய்த் தட்டை நீட்டிய நேரம், ஜாக்கியின் தலையிலிருந்து பெட்டி வழுக்கியது. சம்சுதீன் கீழிருந்து ஏதோ கத்தினான். லூர்து பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்தான். தெய்வசிகாமணி தடுமாறினார், தட்டு சாய்ந்தது, போல்ட்டுகள் குழி தாண்டிச் சரிந்தன, அவர் இடது கையைத் தட்டின் மேல் கவிழ்த்து அணை போட்டார். விழவில்லை. ஒன்றும் விழவில்லை என்றுதான் நினைத்தார். வளர்மதி ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கை துண்டுக்குள் போய்விட்டது. பெட்டி அடுத்த முயற்சியில் தடாலென்று உள்ளே போய் உட்கார்ந்தது, லூர்து உனக்குக் கோயில் கட்டோணும் என்று கமலவேணி வாசலிலிருந்து சொன்னாள், எங்க சர்ச்சுல ஒரு மெழுகுவர்த்தி வச்சாப் போதும் என்றான் அவன்.

அப்போதே எண்ணியிருக்க வேண்டும். எண்ண வேண்டும் என்றுதான் தட்டைப் பார்த்தார். அதற்குள் கமலவேணி டீ கொண்டுவந்து வளர்மதி கையில் கொடுத்தனுப்பினாள், ஒரு தட்டில் முறுக்கும் இருந்தது. வலது கையில் டீயை வாங்கிக்கொண்டார், முறுக்கு வேண்டாம் என்றார். இன்னொரு கையில் வாங்கிக்கங்களேன் என்று மகள் சொல்லவில்லை, ஆனால் ஒரு கணம் நின்றாள் என்று அவருக்குப் பட்டது. அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது குனிந்து ஒன்று இரண்டு என்று எண்ணினால் என்ன நினைப்பாள். அப்பாவுக்குத் தன் கணக்கின் மேலேயே சந்தேகம் என்று நினைப்பாள். அந்த ஒன்றுதான் இன்னும் கெடாமல் இருக்கிறது, அதையும் சந்தேகத்துக்குக் கொடுத்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது. டீயில் இஞ்சி அதிகம். சம்சுதீனுக்குச் சர்க்கரை வியாதி, அவனுக்கு மட்டும் சீனி இல்லாமல் தனியாகப் போட்டிருக்கிறாள், கமலவேணிக்கு இதெல்லாம் மறப்பதில்லை. நாளைக்கு விடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போக வேண்டும், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள், எழுபதுக்கு மேல் போனால் முழங்காலில் கிள்ளுவாள். ஐந்தாவது கியரில் எஞ்சின் அத்தனை கத்தாது, பேசிக்கொண்டே போகலாம். என்ன பேசுவது. கியரை ஒரு விரலால் தள்ளலாம், எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பார்வைதான், ரோட்டிலிருந்து ஒரு நொடி. ஒரு நொடியில் குறுக்கே என்ன வரும். ஒன்றும் வராது. ஆடு வரும். பள்ளிக்கூடப் பிள்ளை வரும். அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு லூர்து கேட்கக் கேட்க வலது கையால் போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை கொடுத்தது, மனம் அவிநாசி ரோட்டில் அந்தப் பிள்ளை கடந்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தது.

முடிஞ்சுதுங்ணா என்று லூர்து நிமிர்ந்தபோது ஷெட்டின் தகரத்தில் வெயில் மஞ்சளாகியிருந்தது. பேட்டரியை மாட்டிவிட்டான். சாவியை வளர்மதியிடம் வாங்கிக்கொண்டு, முன்பலகையில் நுழைத்தான். தெய்வசிகாமணி தட்டைப் பார்த்தார். சுற்றிலும் ஆறு குழி காலி. நடுக்குழியில் மூன்று. கண்ணை மூடித் திறந்தார். மூன்று. தட்டைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் பார்த்தார், மடியில் பார்த்தார், சிமென்ட் தரையில் பார்த்தார். காலையில் இருபத்தெட்டு. இருபத்தெட்டா. குழிக்கு நான்காகப் போட்டோமா, நடுக்குழியில் மூன்றுதான் போட்டோமா. இல்லை, நான்கு, நான்காவதைப் போட்டபோது ணங்கென்று தனியாகக் கேட்டது, அது இன்றைக்கா, நேற்றுக் கனவிலா. நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. அறுபத்தைந்து. அதற்கப்புறம் ஒரு சுவர் நின்றது. மதியம் ஆட்களை எண்ணியபோதும் நான்கு என்றுதானே வந்தது, தன்னை விட்டுவிட்டுத்தானே எண்ணினார். ஆக, கணக்கும் போய்விட்டது. சொல்லாமலே போய்விட்டது, கை போன மாதிரி. இல்லாவிட்டால் கணக்குச் சரி. சரியென்றால் ஒரு போல்ட்டு எங்கோ இருக்கிறது. தட்டு சாய்ந்தபோது அது வண்டியின் வயிற்றுக்கு நேர் மேலே இருந்தது. அந்த மணிக்கூட்டின் பக்கத்தில் க்ளட்ச் கம்பி நுழைகிற ஜன்னல் திறந்து கிடந்தது, உள்ளங்கை அகலம். உள்ளே விழுந்திருந்தால் எஞ்சின் கிளம்பின மறுநொடி சுற்றுகிற சக்கரம் அதை எடுத்து வீசும், கூடு உடையும், சில்லு மேலே வரும், மேலே லூர்துவின் கால் இருக்கிறது. சொன்னால் பெட்டியை மறுபடி இறக்க வேண்டும். இறக்கி ஒன்றும் இல்லையென்றால், அப்பாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்பது நான்கு பேர் முன்னால் தெரியும், சாவி திரும்பக் கைப்பைக்குள் போகும். சொல்லாவிட்டால் இருபத்து நான்கும் மாட்டியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது. லூர்து சோக்கை இழுத்தான். விரல் சாவியில் இருந்தது.

"லூர்து, சாவியத் திருப்பாத."

"என்னுங்ணா?"

"ஒண்ணு கம்மியா இருக்குது."

லூர்துவுக்குப் புரியவில்லை. சம்சுதீனைக் குனிந்து பார்க்கச் சொன்னான், எல்லா ஓட்டையிலும் போல்ட்டு இருக்கிறது, ஒன்றும் காலியில்லை என்று அடியிலிருந்து பதில் வந்தது. "மாட்டினதுல கம்மி இல்ல," என்றார் தெய்வசிகாமணி, "மிஞ்சினதுல கம்மி. நாலு மிஞ்சோணும். மூணுதான் இருக்குது."

"எங்க கடையில அதிகமா மிஞ்சினாத்தானுங்ணா பயப்படுவோம்," என்றான் லூர்து. சிரிக்கப் பார்த்தான். பிறகு ஜன்னல் திறந்து கிடந்ததும் தட்டு சாய்ந்ததும் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஆனாலும் மனம் வரவில்லை. காலையில் எண்ணினது மூன்றாகவும் இருக்கலாமல்லவா என்று மெதுவாக, மரியாதையாக, வளர்மதியைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவர் தட்டைத் திரும்பப் பார்த்தார். 

"எறக்கீருங்கண்ணா," என்றாள் வளர்மதி. "எங்கப்பா எண்ணினா எண்ணினதுதான்."

இறக்கினார்கள். மாட்டியதையெல்லாம் வரிசை மாறாமல் திரும்பக் கழற்றி, ஒவ்வொன்றாக அவருடைய வலது கையில் கொடுத்தார்கள், அவர் குழிக்கு நான்காகப் போட்டார், ஆறு குழியும் நிறைந்தது, நடுக்குழியில் மூன்று. யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சம்சுதீன் தொழுகைக்கு நேரமாகிறது என்றுகூடச் சொல்லாமல் படுத்துக் கிடந்தான். மகள் சொன்ன வாக்கியம் அவர் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, எண்ணினா எண்ணினதுதான். அந்த நம்பிக்கைக்காகவாவது அது உள்ளே இருக்க வேண்டும். ஒரு இரும்புத் துண்டு ஆளைக் கொல்லக்கூடிய இடத்தில் கிடக்க வேண்டும் என்று ஒரு மனிதன் வேண்டிக்கொள்வதா. வேண்டிக்கொண்டார். பெட்டி சாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. லூர்து டார்ச் அடித்தான், விரலை விட்டுத் துழாவினான், காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினான். கூட்டுக்குள் சுத்தமாக இருந்தது. ஒன்றும் இல்லை. டார்ச்சை அணைக்காமலே சற்று நேரம் குனிந்தபடி இருந்தான், நிமிர்ந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக. கமலவேணி முறத்தில் கையை நிறுத்திவிட்டாள். அறுபத்தைந்து, அறுபத்தைந்து என்றது மனம். சரி, போய்விட்டது, எழுந்து முகம் கழுவிக்கொண்டு வரலாம், அதற்குள் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் ஊன்றி எழுவதற்கு முன்னே சாய்ந்தார். துண்டு நழுவியது.

இரும்பு சிமென்ட்டில் விழுகிற சத்தம் கேட்டது. உருண்டு, சுற்றி, நிற்கிற சத்தம். யார் போட்டது என்று திரும்பிப் பார்த்தார். லூர்துவின் கையில் டார்ச் இருந்தது. சம்சுதீன் கையில் துணி இருந்தது. வளர்மதி வெறுங்கையோடு நின்றாள். எல்லோரும் அவரையே, அவருடைய முகத்தையல்ல, அதற்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். போல்ட்டு அவருடைய கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. இடது உள்ளங்கையில் அதன் மரை, கோடு போட்ட நோட்டு மாதிரி வரிவரியாகப் பதிந்திருந்தது, தலையின் ஆறு மூலையில் ஒரு மூலை தோலைக் கிழித்திருந்தது, அங்கே ரத்தம் பொட்டாக உறைந்திருந்தது. மதியத்திலிருந்து. தட்டுக்கு அணை போட்டபோதிலிருந்து. முதலில் வந்தது சந்தோஷம்தான், இருபத்தெட்டு, இருபத்தெட்டேதான் என்று தலைக்குள் ஒரு மணி அடித்தது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு என்று சுவர் இடிந்து எண்கள் வரிசையாக ஓடிவந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம். அது ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு வளர்மதி அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கையை எடுத்துத் திருப்பினாள், அவள் எடுத்ததைக் கண்ணால்தான் பார்த்தார்.

"கணக்குச் சரிதானுங்ணா," என்றான் லூர்து, தாழ்ந்த குரலில்.

"வலிக்கலீங்களாப்பா?"

இல்லை கண்ணு, இப்போதுதான் எடுத்தேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்ன அதே ஜாதி வாக்கியம். "தெரியல கண்ணு," என்றார்.

"எப்ப இருந்து?"

"அப்ப இருந்தே."

"டாக்டர் கண்ண மூடச் சொல்லிச் சாவி குடுத்தாங்களே?"

"சத்தம் கேட்டுது," என்றார் தெய்வசிகாமணி.

 சம்சுதீன் ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை மறுபடி துடைத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கமலவேணி நிலையைத் தாண்டி ஷெட்டுக்குள் வந்தாள், சொம்புத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினாள், முந்தானையால் ஒற்றினாள். தண்ணீர் விரல்களின் வழியே வழிந்தது, வழிவது கண்ணுக்குத் தெரிந்தது, குளிர் வரவில்லை. ஆட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் நினைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கையில் தலைக்குத் துணி கட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பவளையும். இவள் எதையும் கேட்க மாட்டாள், இன்றைக்கு மாத்திரம் கிண்டலும் செய்ய மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது. "சின்ன வீட்டுக்கு வயித்தத் தொறந்தபடியே விட்டுட்டீங்களே," என்று அவள் லூர்துவிடம் சொன்னபோது அவருக்கு மூச்சு வந்தது.

பெட்டியைத் திரும்ப ஏற்றினார்கள். இரண்டாம் தடவை என்பதால் கை பழகியிருந்தது, லூர்து கண்ணை மூடின மாத்திரத்தில் தண்டு போய் உட்கார்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இருக்கைகள் உட்பட எல்லாம் மாட்டி, வண்டியை முட்டுகளிலிருந்து இறக்கியாகிவிட்டது. எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது, கெட்ட சத்தம் எதுவும் இல்லை. கமலவேணி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். லூர்து எஞ்சினை அணைத்து, வழக்கப்படி சாவியை உருவி வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்தான். அவர் வலது கையில் வாங்கினார். பல்லும் குளிரும் கனமும் எல்லாம் தெரிந்தது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு வரைக்கும் நடந்தார், கதவைத் திறந்தார், குமிழைப் பார்த்தார், அதன் தலையில் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் எழுதியிருந்தது. பிறகு திரும்பிச் சாவியை நீட்டினார்.

"வளரு, நீ எடு."

"நான் தொட்டாக் கத்தும்ப்பா."

"கத்தாது," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, மில் மைதானத்தில் சொன்னதைப் பற்றி. வரவில்லை. அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

லூர்து பக்கத்தில் ஏறிக்கொண்டான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முதல் கியர் விழுந்ததே தெரியவில்லை, வண்டிதான் நகர்ந்தது. தெய்வசிகாமணி கேட்டை விட்டு வெளியே வந்து நின்று காதைக் கொடுத்தார். தெரு முனையில் இரண்டு. பால் சொசைட்டியைத் தாண்டி மூன்று. ரோட்டில் ஏறி, சத்தம் சின்னதாகி, நான்கு. இதுவரைக்கும் அவருக்குத் தெரிந்த சத்தங்கள். இதற்கு மேல் அந்த எஞ்சின் கத்திக்கொண்டேதான் போகும், அதுதான் அதன் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார். தூரத்தில் அது ஒரு கணம் அடங்கியது, பிறகு அவர் அதனிடம் ஒரு நாளும் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில், பாரம் இறக்கிவைத்த ஆள் மாதிரி, போய்க்கொண்டேயிருந்தது. ஐந்து. கேட்காமல் போகும்வரை நின்றார். சம்சுதீன் கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தான். கமலவேணி அரிசி களைய உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் இல்லை. கண்ணை மூடி, இடது கையை நடுக்குழியில் வைத்தார். விரல்களை அசைத்தார், அசைகின்றன என்று நினைத்துக்கொண்டார். குழி இருந்ததா, இரும்பு இருந்ததா, கை இருந்ததா, ஒரு செய்தியும் வரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கத் தயாராக இருந்தார், பழைய முதல் கியருக்குக் காத்திருந்த மாதிரி. வரவில்லை. கண்ணைத் திறந்து, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டின் மேல் வரிசையாக வைத்தார், ரத்தம் பட்டதைக் கடைசியாக. நான்கு.